ஐந்து கரண்டி வெள்ளை

சுண்ணாம்பக்கா என்ற பெயரைத் தான்தான் வைத்ததாகக் கேமராக்காரர் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளட்டும். ஒரு காட்டேரித் தொடர் ஒன்பது வருடமாகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்த ரத்தக்காட்டேரிகள் அத்தனை பேருக்கும் காலையில் முகத்தை வெளுக்க வைத்து, சாயங்காலம் துடைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது அவள் வேலை. அவள் கணவரோ வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர். "அந்த வீட்டுல அடுப்பெரியறதே வெள்ளையாலதான்" என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். அவளும் விடமாட்டாள். "அவர் அடிச்சா அஞ்சு வருஷம் நிக்கும். நான் அடிச்சா அன்னைக்கே கழுவிடணும்" என்பாள்.

கதையில் ஒரு வில்லங்கம் இருந்தது. காட்டேரிக்கு வயதாகாது. எழுதியவர் முதல் வாரத்திலேயே அதை ஒரு வசனமாக வைத்துத் தொலைத்துவிட்டார். தொடர் ஆறு மாதம் தாண்டாது என்று நினைத்து எழுதிய ஆள் அவர். அது பிடித்துக்கொண்டு, நிற்பேனா என்று ஓடியது. காட்டேரிகளுக்கு வயதாகவில்லை. காட்டேரியாக நடித்தவர்களுக்கு ஆனது.

அதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒப்பனை அறையின் நீளக் கண்ணாடிக்கு மேலே ஒவ்வொருவரும் பூச்சோடு எடுத்துக்கொண்ட முதல் நாள் படமும் வரிசையாக ஒட்டியிருக்கும். வருடத்துக்கு ஒரு முறை, புதுக் கதை தொடங்குவதற்கு முன்னால், இயக்குநரும் கேமராக்காரரும் வந்து உட்காருவார்கள். காட்டேரிகள் ஒவ்வொருவராகப் பூச்சோடு வந்து விளக்குக்குக் கீழே நிற்பார்கள். இயக்குநர் முகத்தைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், கடைசியில் சுண்ணாம்பக்காவைப் பார்த்து, "சேருதா?" என்பார். எவ்வளவு பூசினால் எவ்வளவு மறையும் என்று பூசுகிறவளுக்குத்தானே தெரியும். அவள் "சேருது" என்றால் இன்னும் ஒரு வருடத்துக்கு வேலை உண்டு. "சேரல" என்றால் அந்தக் காட்டேரி அடுத்த கதையில் எங்காவது வெயிலில் மாட்டிக்கொண்டு சாம்பலாகிவிடும். அதனால் வேலை போவதை அங்கே யாரும் வேலை போனது என்று சொல்வதில்லை. "அவருக்கு வெயில் காட்டிட்டாங்க" என்பார்கள்.

அப்படி எரிந்துபோனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கிறவர்களுக்கு அக்கறை இல்லை. சுண்ணாம்பக்காவுக்கு இருந்தது. நாயகனாக வந்தவன் சினிமா கூப்பிடுகிறது என்று இரண்டாம் வருடமே தானாகக் கிளம்பினான். இரண்டு படம் நடித்தான். இரண்டும் வந்த சுவடு தெரியாமல் போயின. திரும்பி வந்து, காட்டேரியாக வேண்டாம், மனுஷ அப்பாவாகவாவது போடுங்கள் என்று வாசலில் நின்றான். இரட்டைக் காட்டேரிகளாக வந்த இருவரில் ஒருவன் சாப்பாட்டு விஷயத்தில் தாராளம். மூன்றாம் வருடம் இரட்டையரில் ஒருவர் ஒன்றரை ஆகிவிட்டார் என்று இரண்டு பேரையும் சேர்த்தே எரித்தார்கள். குண்டானவன் பழைய கோரைப் பல்லை மாட்டிக்கொண்டு குழந்தைகளின் பிறந்தநாளுக்கு வேடிக்கை காட்டப் போகிறான். ஒல்லியாகவே இருந்தவன்தான் பாவம், செய்யாத குற்றத்துக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

மூத்த காட்டேரியாக நடித்தவரைப் பெரியவர் என்பார்கள். மேடை நாடகத்திலிருந்து வந்தவர், குரலுக்கே தனி மரியாதை. நான்காம் வருடம் அவர் தாடைக்குக் கீழே சதை தொங்கிவிட்டது. சுண்ணாம்பக்கா காதோரம் பிசின் வைத்து இழுத்துப் பார்த்தாள், நிழல் போட்டுப் பார்த்தாள். விளக்குக்குக் கீழே அவரை நிறுத்திவிட்டு இயக்குநர் "சேருதா?" என்று கேட்டபோது, பொய் சொல்லப் பழகாதவள், "சேரல சார்" என்று சொல்லிவிட்டாள். பெரியவர் கோரைப் பல்லைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடி, அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டாள். அந்த டப்பாவைத் தூக்கிப் போடவும் அவளுக்கு மனசு வரவில்லை, திறந்து பார்க்கவும் வரவில்லை. இனி "சேரல" என்ற சொல் தன் வாயிலிருந்து வரக்கூடாது என்று மட்டும் முடிவு செய்தாள்.

முதல் வாரத்திலிருந்து கடைசி வரை நின்றது குட்டிதான். குட்டிக் காட்டேரியாக நடித்ததால் குட்டி. வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, கதைப்படி முன்னூறு. வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயைத் திறந்தால், உதட்டுக்குச் சாயம் பூசும்போது மட்டும்தான் மூடுவாள். சுண்ணாம்பக்காவின் சொந்த மகன் வெளியூரில் இருந்துகொண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் அவசரமாக, போன் செய்வான். குட்டியோ நேற்று ராத்திரி என்ன கனவு கண்டாள் என்பது வரை தினமும் காலையில் ஒப்பித்துவிடுவாள். பெற்ற பிள்ளையைவிட இவளைப் பற்றித்தான் அக்காவுக்கு அதிகம் தெரியும்.

"எனக்கு வேற எதுவும் தெரியாதுக்கா" என்று ஒரு நாள் சொன்னாள். "பஸ்ஸுல ஏறினா பக்கத்துல இருக்கிறவங்க கழுத்தைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க. வேற ரெண்டு தொடருக்குக் கேட்டுப் பார்த்தேன். அழுற சீன்ல கூட சனங்க என் பல்லைத்தான் பார்க்குமாம். எனக்கு மட்டும் வெயில் காட்ட விட்டுடாதக்கா."

"நான் இருக்கிற வரைக்கும் உனக்கு வெயில் கிடையாது, போ" என்றாள் சுண்ணாம்பக்கா. விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அது வாக்காக நின்றுவிட்டது.

அவளிடம் ஒரு கலவை நோட்டு இருந்தது. மருந்துக்குக் கொடுக்கிற சின்னக் கரண்டியால் அளந்துதான் கலப்பாள். இன்றைக்கு யாருக்கு எத்தனை கரண்டி வெள்ளை, எத்தனை சொட்டு நீலம் என்று தேதி போட்டு எழுதுவாள். நேற்று எடுத்த காட்சியின் மீதியை நாளை எடுத்தால் முகம் மாறக்கூடாதே, அதற்காக. குட்டிக்கு எப்போதும் ஐந்து கரண்டி. எட்டாம் வருடம் அது ஆறானது. முப்பது வயதில் கன்னத்தில் சதை போட்டு முகம் அகன்றிருந்தது. கனமாகப் பூசினால் சிரிக்கும்போது வாயோரம் வெடித்தது. அந்த வருடச் சேர்த்துப் பார்த்தலில் அக்கா "சேருது சார்" என்று சத்தமாகத்தான் சொன்னாள். இயக்குநர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த வருஷம் போகட்டும். அடுத்த வருஷம் யோசிக்கணும்" என்றார். அன்று முழுவதும் குட்டி வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் குட்டி பட்டினி கிடக்கத் தொடங்கினாள். அரைச் சாப்பாடு, ஓட்டம், மூச்சுப் பயிற்சி என்று என்னென்னவோ செய்தாள். மூன்று நான்கு மாதத்தில் பலன் தெரிந்தது. கன்னம் வற்றியது, தாடை எலும்பு எழுந்தது. அதைவிட ஆச்சரியம், நிறம். ஆறு கரண்டி கேட்ட முகத்துக்கு ஐந்து போதும் என்றானது. பிறகு நாலரை, பிறகு நாலு. "பட்டினி கிடந்தா நிறம்கூட வருமாக்கா?" என்று குட்டி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, மேலே ஒட்டியிருந்த முதல் நாள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவளுக்குக் காலை வழக்கமாகிவிட்டது. நோட்டில் "இன்று மூன்றரை போதும்" என்று எழுதி, அக்கா அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டாள். சின்னப் பிள்ளைகளின் நோட்டில் டீச்சர் போடுவதைப் போல.

ஒரு காலை, சாப்பிட உட்கார்ந்தபோது இந்தச் சந்தோஷத்தைக் கணவரிடம் சொன்னாள்.

"பூசாமலே வெளுக்குதா?" என்றார் அவர்.

"கிட்டத்தட்ட."

"சுவர் தானா வெளுத்தா நான் சந்தோஷப்பட மாட்டேன்மா. உள்ள ஈரம் இறங்கி உப்புப் பூக்குதுன்னு அர்த்தம். மேல எத்தனை கோட் அடிச்சும் பிரயோஜனம் இல்லை."

"உங்களுக்கு எல்லாமே சுவருதான்" என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுவிட்டு எழுந்தாள்.

அவளையும் குறை சொல்லி என்ன. தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது. போதாததற்கு அந்த ஒப்பனை அறை. செட்டில் எரிகிற அதே நீல விளக்குகளைத்தான் அங்கேயும் மாட்டியிருந்தார்கள், பூச்சு இங்கே ஒரு மாதிரியும் அங்கே ஒரு மாதிரியும் தெரியக்கூடாது என்று. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. அந்த வெளிச்சத்தில் சாப்பாடு கொண்டுவருகிற அம்மாளே காட்டேரி மாதிரிதான் இருப்பாள். வெயில் ஏறுவதற்கு முன்னால் உள்ளே போனால், அது இறங்கிய பிறகுதான் எல்லாரும் வெளியே வருவார்கள்.

மற்றதெல்லாம் கூடவே நடந்தது. குட்டியின் தோளிலும் தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. காட்டேரிகள் இடுப்பில் பட்டை கட்டிக் கயிற்றில் பறப்பவர்கள். கன்றாத காட்டேரி உண்டா என்று அதன்மேலும் ஒரு பூச்சு போட்டாள். ஈறில் ரத்தம் கசிந்தது. கோரைப் பல் உரசுகிறது என்று பல் செய்கிறவரிடம் சொல்லி ஓரத்தைத் தேய்த்து வாங்கினார்கள். ஒரு தடவை டேக் நடுவே ரத்தம் உதட்டோரம் வழிந்துவிட்டது. "பிரமாதம்! யாரு வச்சது, இவ்வளவு இயல்பா இருக்கு?" என்று இயக்குநர் கை தட்டினார். மாடிப்படி ஏறினால் குட்டிக்கு மூச்சு வாங்கியது. அரைச் சாப்பாடு சாப்பிட்டால் வாங்காதா என்றார்கள். ஒரு கடைக்காரியோ ஒரு தையல்காரியோ இப்படி இருந்திருந்தால் பார்க்கிறவர்கள் பிடித்துத் தள்ளிக்கொண்டு டாக்டரிடம் போயிருப்பார்கள். காட்டேரிக்கு இதெல்லாம் இருக்கவேண்டிய லட்சணம்.

ஒன்பதாம் வருடம் குட்டி விளக்குக்குக் கீழே வந்து நின்றாள். இயக்குநர் எழுந்து பக்கத்தில் வந்து பார்த்தார். படத்தைக் கையில் எடுத்துக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார்.

"சேருதா?"

"சேருது சார்." ஒன்பது வருடத்தில் இவ்வளவு உண்மையாக அந்தச் சொல்லைச் சொன்னதில்லை என்று சுண்ணாம்பக்கா நினைத்துக்கொண்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். குட்டி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அணைத்த கைக்கு அடியில் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. சந்தோஷத்தில் அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், கரண்ட் போனது. செட்டே இருண்டது. சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம் என்று எல்லாரும் கிளம்பினார்கள். குட்டிக்குப் பசிக்கவில்லை. பூச்சு வியர்வையில் திட்டுத் திட்டாக நின்றதால், துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று அக்கா பின்பக்கக் கதவைத் திறந்து, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டாள். குட்டி வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "வெயிலைப் பார்த்து எத்தனை நாளாச்சுக்கா" என்றாள்.

பஞ்சை எண்ணெயில் நனைத்து நெற்றியிலிருந்து துடைத்தாள். பஞ்சில் வெள்ளை வந்தது. நெற்றி அப்படியே இருந்தது. இன்னும் பூச்சு போகவில்லை என்று வேறு பஞ்சு எடுத்துத் துடைத்தாள். இந்தத் தடவை பஞ்சில் ஒன்றும் வரவில்லை. கன்னத்தைத் துடைத்தாள், உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள். சாயம் போன உதடும் கன்னமும் ஒரே நிறமாக இருந்தன. கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. நல்ல வெயிலில், பூச்சு ஒரு துளியும் இல்லாமல், முதல் நாள் படம் அவள் எதிரே உட்கார்ந்திருந்தது.

"என்னக்கா, முடிஞ்சுதா?" என்றாள் குட்டி கண்ணைத் திறக்காமல்.

சுண்ணாம்பக்கா பஞ்சைக் கீழே போட்டாள். "எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள்.

"ஷூட்டிங்?"

"ஷூட்டிங் கிடக்கட்டும், எழுந்திரு!" அவள் போட்ட சத்தத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கேமராக்காரர் எச்சில் கையோடு ஓடிவந்தார்.

ரத்தப் புற்றுநோய் என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். டாக்டரம்மா மெதுவாகப் பேசுகிறவர். "எத்தனை நாளா இப்படி வெளுத்துப்போய் இருக்காங்க?" என்று குட்டியின் அம்மாவைக் கேட்டார்.

"நான் எங்கம்மா பார்த்தேன்" என்றாள் அந்த அம்மா. "விடியறதுக்குள்ள போயிடுவா. வரும்போது காதோரம், கழுத்தோரம் அந்த வெள்ளை ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுன்னுதான் நினைச்சேன்." பிறகு சுண்ணாம்பக்காவின் பக்கம் திரும்பினாள். "நீதானேம்மா தினம் பார்க்கிறவ. உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். நாள் தவறாமல், கரண்டிக் கணக்கோடு தெரியும். "சரியா ஞாபகம் இல்லைம்மா" என்றாள்.

குட்டிக்கு ரத்தம் தேவைப்பட்டது. கேமராக்காரர் பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டார். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கிற அறைக்கு முன்னால், வெயில் காட்டப்பட்ட காட்டேரிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். இரட்டையர் இருவரும் வந்தார்கள். சினிமாவுக்குப் போனவன் வந்தான். நர்ஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, குண்டானவனிடம் நின்று, "நீங்க குடிக்கிறவர் ஆச்சே! குடுக்கவா வந்தீங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அடக்க முடியாமல் சிரித்து, அவர்களில் ஒருவன் அழுதான்.

பெரியவர் கடைசியாக, வேன் ஓட்டுகிற சட்டையோடு வந்தார். ஐந்து வருடமாக முகத்தில் விழிக்காதவர். வயதைக் காரணம் சொல்லி அவருடைய ரத்தத்தை எடுக்க மறுத்துவிட்டார்கள். "இங்கேயும் சேரலைன்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே சுண்ணாம்பக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு உன்மேல எனக்கு ரொம்பக் கோவம்" என்றார். "வீட்டுக்குப் போய் கண்ணாடியில பார்த்தேன். சேரலதான். நீயாவது உள்ளதைச் சொன்னியேன்னு அப்புறம் தோணிச்சு. மத்தவங்க எல்லாம் வருஷக்கணக்கா என்னை இளமையா இருக்கீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

அவர் ஆறுதலுக்குச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று வீட்டுக்குப் போய் அவள் சாப்பிடவில்லை. கணவர் ஏன் என்று கேட்டபோது, "உப்புதாங்க பூத்திருக்கு" என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். அவர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தாள். குட்டியின் அம்மாவும் அங்கே இருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யச் சுண்ணாம்பக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆறு, ஐந்து, நாலரை, நாலு, மூன்றரை என்று எண்கள் இறங்குவது எதனால் என்று அவளே விளக்கினாள். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எட்டு மாசம்" என்றார். "ஆஸ்பத்திரியில நாங்ககூட இவ்வளவு ஒழுங்கா எழுதி வைக்கிறதில்லை." ஒரு பக்கத்தில் விரல் வைத்து, "இந்த நட்சத்திரம் என்ன?" என்று கேட்டார்.

சுண்ணாம்பக்கா அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மூடினாள். குட்டியின் அம்மா அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள். அதற்குப் பிறகு வார்டில் இருவரும் எதிர்ப்பட்டால், அந்த அம்மா போர்வையை மடிப்பாள், தண்ணீர் பிடிக்கப் போவாள், ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். ஒரு வசவு வைதிருந்தால்கூடத் தேவலை.

குட்டி மட்டும் எப்போதும் போல இருந்தாள். முடி கொட்டிப்போன தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "நோட்டைக் குடுத்தியாமே" என்றாள். "நீ மட்டுமா பார்த்த? நானும் தினம் கண்ணாடியில பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். வெளுக்க வெளுக்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. கால் வலிச்சது, மூச்சு முட்டிச்சு, சொன்னா எங்க மாத்திடுவாங்களோன்னு நானும் வாயைத் திறக்கல."

"நான் கேட்டிருக்கணும்டி."

"கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன்" என்று குட்டி சிரித்தாள். அக்காவுக்கு அது சமாதானமாக இல்லை. சமாதானத்துக்காகச் சொன்னது என்று தெரிந்ததால் இன்னும் வலித்தது.

தொடர் யாருக்காகவும் நிற்காது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, குட்டிக் காட்டேரிக்கு வெயில் காட்ட முடிவு செய்தார்கள். அவளுடைய உடையை மாட்டி ஒரு துணை நடிகையை முதுகு காட்டி நடக்க வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பூசியது சுண்ணாம்பக்காதான். மாட்டேன் என்று சொல்லத்தான் போனாள். வேறு யாராவது குட்டியின் கலவையைக் கன்னாபின்னாவென்று கலந்துவிடுவார்களே என்று நினைத்ததும் கை தானாகக் கரண்டியை எடுத்தது.

அந்தக் காட்சி வந்த அன்று வார்டில் இருந்த சின்ன டிவிக்கு முன்னால் நோயாளிகளெல்லாம் கூடினார்கள். குட்டி படுக்கையில் இருந்தபடியே பார்த்தாள். கதவு திறந்தது, வெயில் விழுந்தது, குட்டிக் காட்டேரி முதுகுப் பக்கமாகப் புகைந்து உதிர்ந்தாள்.

"என் முதுகு இவ்வளவு அகலமாக்கா?" என்றாள் குட்டி. பிறகு, "பூசினது நீதானே? எத்தனை கரண்டி?" என்று கேட்டாள்.

"அஞ்சு."

"அஞ்சா." குட்டி மறுபடி டிவியைப் பார்த்தாள். "நல்ல ரத்தம் இருக்கிற பொண்ணு" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தாள்.

செய்தி வந்த காலையில் சுண்ணாம்பக்கா போகலாமா வேண்டாமா என்று புடவையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குட்டியின் அம்மா தன் முகத்தைப் பார்க்க விரும்பமாட்டாள் என்றுதான் நினைத்தாள். அப்போது போன் வந்தது. அந்த அம்மாவேதான். "உன் பெட்டியை எடுத்துக்கிட்டு வா. அந்த வெள்ளையை மட்டும் எடுத்துக்கிட்டு வராதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கணவர் கூடவே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில் குட்டியைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் பெரியவரும் மற்றவர்களும் நின்றார்கள். அந்த அம்மா எல்லாரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஒன்பது வருஷம் அவங்களுக்காகப் பூசின" என்றாள். "இன்னைக்கு எனக்காகப் பூசு. எம்பொண்ணு எம்பொண்ணா போகணும்."

சுண்ணாம்பக்கா ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். வெயில் உள்ளே வந்தது. பெட்டியைத் திறந்து நிறங்களை எடுத்து வைத்தாள். கரண்டியைக் கையில் எடுத்தவளுக்கு, எதை எதோடு கலப்பது என்று ஓடவில்லை. நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்திலிருந்தே ஐந்து கரண்டி வெள்ளை, ஒரு சொட்டு நீலம். ஒன்பது வருடம், நாள் தவறாமல் எழுதியவள், அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு நிறம் இருந்ததை ஒரு பக்கத்தில்கூட எழுதி வைக்கவில்லை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். நீல வெளிச்சம்தான் வந்தது.

"அம்மா" என்றாள். "குட்டி என்ன நிறம்மா?"

அந்த அம்மா அவளை வெறித்துப் பார்த்தாள். இப்போது வெளியே போகச் சொல்லப்போகிறாள் என்று சுண்ணாம்பக்கா நினைத்தாள். அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை ஒதுக்கி, மணிக்கட்டைத் திருப்பி, மகளின் கன்னத்தோடு ஒட்டி வைத்தாள்.

"என்னை மாதிரிதான்" என்றாள். "பிறந்தப்போ எல்லாரும் சொன்னாங்க, என்னை உரிச்சு வச்சிருக்குன்னு."

அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துக் கலந்தாள். மாநிறத்தில் கொஞ்சம், மஞ்சளில் கொஞ்சம், ஒரு துளி சிவப்பு. நெற்றியில் தொடங்கி மெல்லப் பூசினாள். வழக்கமாக இந்நேரம் ஏதாவது கனவைச் சொல்லிக்கொண்டிருக்கிற வாய் மூடியிருந்தது. மூக்கோரம், காதோரம், கழுத்தோரம் என்று எந்த இடத்தையும் விடாமல் பூசி முடித்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"சேருதா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

அந்தச் சொல்லுக்கு ஒப்பனை அறையில் என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சுண்ணாம்பக்கா வெயிலில் கையையும் பார்த்தாள், கன்னத்தையும் பார்த்தாள். சேருதும்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள்.

"சேரலம்மா" என்றாள் அழுதுகொண்டே. "இன்னும் கொஞ்சம் சிவப்பு வேணும்."

"போடு" என்றாள் அந்த அம்மா. "நான் கையை எடுக்கல."